மூன்று கடைக்கும் பெரிய வாடிக்கை

தமிழழகனின் சிவப்பு டை முனை டீ கிளாசுக்குள் இரண்டாவது தடவையாக முங்கி எழுந்தது. அவன் கவனிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மர்வா கவனித்தாள். சொல்லவில்லை.

நோன்பு மாதம். அறையிலிருந்த மற்ற மூன்று பேரும் விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர்கள். இன்டர்நெட்டில் கடை கட்டித் தருகிறேன் என்று திருச்சியிலிருந்து வந்திறங்கிய இந்த ஒரு மனிதனுக்காக டீக்கடைக்கு ஆள் போய் வந்தது. குடிக்கிறவன் கொஞ்சம் கூச்சத்தோடு குடிக்கலாம். இவன் உறிஞ்சிய சத்தம் கீழே ஜவுளி எடுக்க வந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.

"இப்ப பாருங்க சார்" என்று லேப்டாப்பைத் திருப்பினான்.

திரையில் ஒரு புடவை பறந்து வந்தது. சுழன்றது. தானாக மடிந்தது. அப்புறம் நட்சத்திரங்களாக உதிர்ந்தது. கூடவே நாதஸ்வரம்.

"சரி தம்பி, வாங்குறது எங்க?" என்றார் மர்வாவின் அத்தா நஜீமுதீன்.

"அது அடுத்த பேஜ் சார். லோடாகிட்டிருக்கு."

லோடாகட்டும். துபாயில் நெட் சென்டரில் காசு கொடுத்து உட்காருகிறவன், இந்த நட்சத்திரமெல்லாம் உதிர்ந்து முடிவதற்குள் லீவு போட்டு ஊருக்கே வந்து பெண்டாட்டிக்குப் புடவை எடுத்துக் கொடுத்துவிடுவான் என்று மர்வா நினைத்துக்கொண்டாள்.

இந்தக் கூத்தெல்லாம் ஒரே ஒரு அரக்குப் பட்டுப்புடவையால் வந்தது.

நஜீமுதீனுக்குப் பெரம்பலூரில் ஜவுளிக்கடை. அரியலூரில் பாத்திரக்கடை. போன வருஷம், வளைகுடா நாடுகளில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டு ஆண்கள் அங்கிருந்தே வீட்டுக்குப் பொருள் அனுப்பட்டும் என்று இன்டர்நெட்டிலும் கடை போட்டார்கள். ஜவுளிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, அத்தர், பேரீச்சம்பழம் முதலான பெருநாள் சாமான்களுக்கு ஒன்று. மூன்றையும் மூன்று பேர் கட்டினார்கள். ஒன்றில் விற்றது இன்னொன்றுக்குத் தெரியாது.

போன வாரம் அது வெடித்தது. கையிருப்பில் ஒன்றே ஒன்று இருந்த அந்த அரக்குப் புடவை இரண்டு கடையிலும் படமாக இருந்தது. துபாயில் ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பேர் ஐந்து நிமிஷ இடைவெளியில் அதை வாங்கினார்கள். அவர்களுடைய மனைவிமார் இருவரும் ஒரே தெரு. ஒருத்திக்குப் புடவை போனது. இன்னொருத்தி ஏழு சொந்தக்காரர்களோடு வேன் பிடித்துக் கடைக்கு வந்தாள்.

நாற்பது வருஷமாக யாரிடமும் கை கட்டி நிற்காத நஜீமுதீன், அன்றைக்குக் கை கட்டி நின்றார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள மூணு கடையையும் ஒழுங்கா நடத்துற ஒரு ஏற்பாடு வேணும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மர்வாவிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார். "ஒந் தம்பி நசீருக்கு ஜித்தா விசா வந்துருச்சு. அரியலூர்க் கடைக்கு ஆள் வேணும். இதுல நீ ஜெயிச்சுக் காட்டு, கடைச் சாவிய ஒங் கையில தர்றேன். இல்லன்னா ஆத்தூர்காரங்களுக்கு மறுப்புச் சொல்லாத."

ஆத்தூர்காரர் என்பவர் மர்வாவைப் பெண் கேட்டிருப்பவர், மனைவியை இழந்தவர். இரண்டு பிள்ளைகள், ஒரு பல் செட். மர்வாவுக்கு இருபத்தேழு வயது. எம்.சி.ஏ. படித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டியவன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். இனி ஒரு வீட்டுக்கு அடுப்பு ஊதப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அந்த முடிவு இன்றைக்கு இந்த மாடி அறையில் ஒரு டை கட்டிய ஆளின் எதிரே தராசில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"மூணு கடைக்கும் தனித்தனியா புத்தம் புது சைட்டு சார்" என்றான் தமிழழகன். "மூணு பாஸ்வேர்டு. மூணு டிசைன். ஒண்ணுக்கு அறுபதாயிரம்னு போட்டாக்கூட..."

"போன வாரம் நடந்ததும் மூணு தனித்தனிக் கடையாலதான்" என்றாள் மர்வா. "அதையே இன்னும் பளபளன்னு செஞ்சு தர்றேங்கறீங்க. ஓட்டைக் குடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறாப்ல."

"மேடம், இது ப்ரொபஷனல். நீங்க வெச்சிருக்கறது நெட்ல சும்மா கெடைக்கிற சாஃப்ட்வேருங்க."

"சும்மா கெடைச்சதை ஏழு மாசம் ஒக்காந்து நம்ம கடைக்குத் தோதா மாத்தியிருக்கேன். அத்தா, இது வேற ஒண்ணுமில்ல. வாசல் மூணு, அடுப்படி ஒண்ணு. எந்த வாசல்ல வந்து கேட்டாலும் ஒரே சட்டிலேருந்துதான் எடுத்து வைக்கணும். ஒரு புடவை வித்துட்டா மூணு கடையிலயும் அந்தப் படம் மறைஞ்சுரும்."

நஜீமுதீன் தலையை ஆட்டினார். அது சம்மதமா, கழுத்து வலியா என்று சொல்ல முடியாத ஆட்டல்.

அப்போதுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆஃப்ரா வாயைத் திறந்தாள். மர்வாவின் மூத்த அண்ணன் முகமது ஆசிக்கின் மனைவி. ஆசிக் துபாயில் இருக்கிறான். இந்த டைக்காரனைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்ததே அவள்தான்.

"மாமா, எனக்கு இந்த அடுப்படியெல்லாம் புரியாது. மூணு கடைன்னா மூணு கடையாத்தான் இருக்கணும். நாளைக்கு அண்ணன் தம்பிக்குள்ள பங்கு பிரிக்கிறப்ப எல்லாத்தையும் ஒண்ணாக் கொழப்பி வெச்சா யாருக்கு எதுன்னு எப்படித் தெரியும்?"

மர்வாவுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் கல்லுக்குண்டாக உட்கார்ந்திருக்கிறார், அதற்குள் பங்கு. ஆனால் மதினியிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? போன வருஷம் அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்ததே மர்வாதான். அண்ணனோடு பேச வேண்டும் என்று வந்து நின்றாள். மவுஸைப் பிடிக்கவே மூன்று நாளானது. அம்பை ஓரத்துக்குத் துரத்திவிட்டு, "ஓடிப்போச்சு மர்வா" என்று கூப்பிடுவாள்.

அப்படிப்பட்டவள் இன்றைக்குக் கடை நடத்தும் முறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறாள்.

"புதுப் புடவையா மதினி?" என்றாள் மர்வா, வேண்டுமென்றே.

"ஒங்க அண்ணன் நேத்துத்தான் அனுப்பினாங்க." ஆஃப்ரா முந்தானையைச் சற்று விரித்துக் காட்டினாள். "வேணாம் வேணாம்னுதான் சொல்றேன். மாசம் தவறாம அனுப்புனா நான் என்ன செய்ய? குடுத்து வெச்சவங்களுக்குத்தான் அமையும்பாங்க எங்கம்மா."

கடைசி வாக்கியம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டியவன் கைக்குட்டைகூட வாங்கித் தராத மர்வாவுக்குத்தான். ஒவ்வொரு பார்சல் வரும்போதும் அதைக் கூடத்தில் வைத்துத்தான் பிரிப்பாள் ஆஃப்ரா. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும்.

முந்தானையை விரித்த கையில் கண்ணாடி வளையல்கள் கலகலத்தன. தங்க வளையல் எங்கே என்று போன மாதம் அம்மா கேட்டதற்கு, "துபாய்ல இப்ப கண்ணாடிதான் ஃபேஷனாம்" என்றாள். இரண்டு ரூபாய் வளையலுக்கு இரண்டாயிரம் மைல் தூரத்திலிருந்து ஒரு ஃபேஷன்! மர்வா அன்றைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எழுந்து போனாள்.

நஜீமுதீன் தொண்டையைச் செருமினார்.

"ஒங்க ரெண்டு பேரு வெளம்பரமும் போதும். நான் ஒரு கேள்வி கேக்குறேன். யாரு பொட்டி பதில் சொல்லுதோ, அவங்க ஏற்பாடுதான் இனிமே."

மூலையிலிருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தைக் காட்டினார். அதில் ஒரு பட்டுப்புடவை, ஒரு வேட்டி, ஒரு பெட்டி பேரீச்சம்பழம், அத்தர் குப்பி.

அது அந்தக் கடையின் வழக்கம். ரமலான் இருபத்தேழாம் கிழமை என்கிற புனித இரவுக்கு முந்தின நாள், அந்த வருஷம் கடையில் அதிகமாக வாங்கிய வாடிக்கைக்காரர் வீட்டுக்கு முதலாளியே தாம்பாளத்தோடு போவார். வேனில் போகமாட்டார். தெருமுனையில் இறங்கி, எல்லாரும் பார்க்க நடந்துதான் போவார். தாம்பாளம் வந்த வீடு என்று அடுத்த ரமலான் வரைக்கும் பேச்சிருக்கும்.

"இந்த வருஷம் இன்டர்நெட்டுக் கடையிலதான் பாதி வியாபாரம். அதனால தாம்பாளம் அங்கதான் போகணும். மூணு கடையும் சேத்து அதிகமா வாங்குன ஒரு ஆளு யாரு? பேரச் சொல்லுங்க. நாளைக்கு நானே போறேன்."

தமிழழகன் சுறுசுறுப்பானான். பழைய மூன்று சைட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒரு தாளில் எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தான்.

"மூணு பேர் வர்றாங்க சார். கடைக்கு ஒருத்தர். மூணு பேருக்கும் குடுத்துடலாமே?"

"ஒரு தாம்பாளத்த மூணு துண்டா அறுக்கச் சொல்றீங்களா தம்பி?" என்றார் நஜீமுதீன். "பாத்திரக்கடை வெச்சிருக்கோம். அறுக்குற கடை வெக்கல."

மர்வா தன் கம்ப்யூட்டரின் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் அரியலூர்க் கடையின் சாவிக்கொத்து குலுங்கியது.

"அத்தா, ஒரு ஆளு மூணு கடையிலயும் வேற வேற பேர்ல வாங்கியிருக்கலாம். பேர மாத்திக்கலாம். இமெயில் பத்து வெச்சுக்கலாம். ஆனா போன் நம்பர மட்டும் மாத்த முடியாது. ஏன்னா நம்ம ஊர்ல கதவு நம்பரப் பாத்து யாரும் வூட்டைக் கண்டுபிடிச்சதில்ல. வண்டிக்காரன் தெருமுனையில நின்னு போன் பண்ணித்தான் வழி கேப்பான். சாமான் வந்து சேரணும்னா நம்பர் நெசமா இருந்தே ஆகணும். அதனால நான் நம்பர வெச்சு ஆளைச் சேத்திருக்கேன். ஒரு நம்பருன்னா ஒரு ஆளு."

தமிழழகன் தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். மர்வாவுக்கு நோன்புப் பசியே மறந்துபோனது.

"மாமா..." ஆஃப்ரா எழுந்திருந்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அஸருக்கு நேரமாச்சு. தொழுதுட்டு வந்து பாக்கலாமே."

"பாங்கு சொல்லட்டும்மா. ஒரு நிமிஷம்தானே."

தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் தொழுகை ஞாபகம் வருகிறது! மர்வா மதினியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தினாள்.

ஒரு வினாடி. இரண்டு வினாடி. பட்டியல் விழுந்தது.

முதல் வரிசையில் ஒரே எண்ணின் கீழ் முப்பத்தொரு ஆர்டர்கள். அடுத்த ஆளுக்குப் பதினான்குதான். சந்தேகமில்லாத வெற்றி.

எண்ணைப் பார்த்தாள். கடைசி நான்கு இலக்கம் நாலு, நாலு, ஒண்ணு, ஏழு.

அந்த எண்ணை அவள் தினமும் அழைக்கிறாள். பால் வாங்கணுமா, அம்மா மாத்திரை போட்டாச்சா என்று. அந்த எண் இப்போது ஜன்னலோரம் ஒரு கைக்குள் இறுகிக் கிடந்தது.

மர்வா கீழே படித்தாள். வேகமாக. அப்புறம் மெதுவாக.

ஜவுளிக் கடையிலும் பெருநாள் கடையிலும் வாங்கியவர் பெயர், முகமது ஆசிக், துபாய். பொருள் போய்ச் சேர்ந்த இடம், ஆஃப்ரா, லப்பைக்குடிக்காடு. மாதம் தவறாமல். பணம் வந்த வழி என்ற இடத்தில் துபாய் இல்லை. ஒவ்வொரு தடவையும் பெரம்பலூர் பேங்க் கவுன்ட்டரில் ரொக்கமாகக் கட்டியிருந்தது.

ஆஃப்ராவுக்கு வந்த பார்சலை எல்லாம் ஆஃப்ராவே அனுப்பியிருக்கிறாள்.

மர்வாவின் கண் அவளை அறியாமல் அந்தக் கண்ணாடி வளையல்கள் பக்கம் போய் வந்தது.

பாத்திரக் கடையில் பெயர் வேறு. அங்கமுத்து, ரெட்டிபாளையம். சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர். வாங்கியது, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. ஒரு சின்னச் சட்டி. ஒரு தட்டு. ஒரு தம்ளர். ஒரு பாய். எல்லாம் ஒன்று ஒன்று. நோன்பு பிறந்த வாரத்தில் ஒரு ஃபிளாஸ்க். அதே வாரம் பெருநாள் கடையிலிருந்து அதே விலாசத்துக்கு இரண்டு கிலோ பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சிக்கான நொய்யரிசி.

அங்கமுத்து எதற்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்?

குறிப்பு என்ற இடத்தில், எழுத்துக் கூட்டி அடித்தது போல இரண்டு வரி. "லாரி ஆபீஸ் பின்னாடி ரூம். சாமானை வைத்துவிட்டுப் போகவும். ஆளைக் கூப்பிட வேண்டாம்."

அண்ணன் துபாயில் இல்லை. நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், ஒற்றைத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, வேறொருவன் பெயரில் இருக்கிறான். எத்தனை மாதமாகவோ. அந்தச் செய்தி இந்த வீட்டு வாசற்படி ஏறாமல் இருக்க ஒருத்தி தன் வளையலைப் புடவையாக மாற்றி, கூடத்தில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று கடையும் மூன்று கடையாகவே இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதற்குப் பங்கும் காரணமில்லை, பாகமும் காரணமில்லை.

மவுஸ் பிடிக்கத் தெரியாதவள்!

"என்னம்மா, பேரு வந்துச்சா?" அத்தா தரையில் கை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "எங்க, காட்டு."

ஆஃப்ரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. கண்ணைக்கூட எடுக்கவில்லை. இந்த நேரம் என்றைக்காவது வரும் என்று தெரிந்தவள் மாதிரி நின்றாள்.

மர்வாவின் விரல் பட்டனைத் தொட்டது. திரை வெள்ளையானது.

"ஓடல அத்தா."

"என்ன ஓடல?"

"ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன். பேரெல்லாம் கொழம்பிக் கெடக்கு. சேக்க முடியல."

அத்தா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"ஏழு மாசம்" என்றார் நஜீமுதீன். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

"சும்மா கெடைக்கிறதெல்லாம் இப்படித்தான் மேடம்" என்றான் தமிழழகன். பெருந்தன்மையாகச் சிரித்தான். "வருத்தப்படாதீங்க. கத்துக்கலாம்."

டீக்கறை படிந்த டையோடு ஒருவன் தனக்கு ஆறுதல் சொல்வதை மர்வா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பதில் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினாள். நோன்பில் எச்சில் விழுங்கலாம், குற்றமில்லை.

பாங்கு ஒலித்தது. நஜீமுதீன் தொப்பியை எடுத்தார்.

"தம்பி, நீங்களே செய்யுங்க. தாம்பாளம் இந்த வருஷம் கடையிலயே இருக்கட்டும்." கதவருகில் நின்று, மகளைப் பார்க்காமல் சொன்னார். "ஆத்தூருக்குப் போன் போட்றேன். வெள்ளிக்கெழமை வரட்டும்."

படிக்கட்டில் இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கிப் போயின.

ஆஃப்ரா ஜன்னலை விட்டு நகரவில்லை. மர்வா கம்ப்யூட்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒயர்.

"பாத்துட்டேல்ல?" என்றாள் ஆஃப்ரா.

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்?"

மர்வாவுக்கு இதமாகப் பேசிப் பழக்கமில்லை. இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

"பதினோரு ஜோடி வளையல் இருந்துச்சு ஒங்ககிட்ட" என்றாள். "கண்ணாடி வளையல் ஒங்களுக்கு நல்லால்ல மதினி."

ஆஃப்ராவின் முகம் அப்போதுதான் உடைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மர்வா பக்கத்தில் போய் உட்காரவில்லை. ஆனால் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என்ன ஆச்சு அண்ணனுக்கு?"

ஆஃப்ரா வாயைத் திறப்பதற்குள் மேஜை மேலிருந்த கடை டெலிபோன் அடித்தது. தம்பி நசீர்.

"அக்கா, அந்த அரிசியலூரு... ச்சே, நோன்புல நாக்கே ஒழுங்கா பொரள மாட்டேங்குது. நம்ம அரியலூர்க் கடை ஆட்டோக்காரன் இன்னிக்கு வரல. ரெட்டிபாளையத்துக்கு ஒரு போர்வை குடுக்கணும். அங்கமுத்துன்னு ஒரு ஆளு. சரின்னு நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

மர்வா கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வெச்சுட்டு வந்துரு நசீரு. கூப்பிடாத."

"அப்படித்தான் சீட்டுல எழுதியிருக்கு. ஆனா கதவு உள்பக்கமாத் தாப்பா போட்டிருக்கு. உள்ள ஆளு இருமுற சத்தம் கேக்குது. பயங்கரமா இருமுறான்க்கா. தட்டினா தெறக்க மாட்டேங்கிறான். இரு, சீட்டுல நம்பர் இருக்கு. செல்லுல அடிச்சுப் பாக்குறேன்."

"நசீரு, வேணாம்! அடிக்காத, நான் சொல்றதக் கேளு..."

லைன் அறுந்துவிட்டது.

நசீரின் செல்போனில் அந்த எண் புதிது இல்லை. கடைசி இலக்கத்தை அழுத்தியதும், எண் மறைந்து பெயர் வரும். 'ஆஃப்ரா மதினி' என்று வரும்.

மாடி அறையில், கண்ணாடி வளையல் போட்ட கைக்குள், போன் அடிக்க ஆரம்பித்தது.